ஒரே பொருள், நான்கு விலை: சாவோ பாவ்லோவில் கடைக்குப் போகிறவர்களுக்கு

பிரேசிலின் சாவோ பாவ்லோ கடைத்தெருவில் ஒரு பொருளைக் காட்டி விலை கேட்டால் பல நேரம் ஒரே பதில் வராது. ரொக்கம் என்றால் ஒன்று, கார்டு என்றால் ஒன்று, மூன்றாக எடுத்தால் ஒன்று, கடையின் உறுப்பினர் என்றால் வேறொன்று. இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பணம் கட்டும் முறைக்கு ஏற்ப விலையை மாற்றிக்கொள்ள 2017-இல் வந்த சட்டமே அங்கே இடம் தருகிறது. வெளியூர்க்காரர் கை நழுவவிடும் காசில் பாதி திருட்டில் போவதில்லை. விலைச்சீட்டைச் சரியாகப் படிக்காததில்தான் போகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

விலைச்சீட்டைப் படிப்பது

முதலில் புள்ளியும் காற்புள்ளியும். பிரேசிலில் இரண்டும் நம் வழக்கத்துக்கு நேர் எதிர். 1.299,90 என்று எழுதியிருந்தால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரெயாலும் 90 சென்டாவோவும். ‘ரெயால்’ என்று நாம் எழுதினாலும் கடைக்காரர் வாயில் அது ‘ஹெயாவ்’. ஒன்றுக்கு மேல் போனால் ‘ஹெயாய்ஸ்’. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ர’ அங்கே ‘ஹ’ ஆகிவிடும். தெரு என்று பொருள்படும் ‘ருவா’கூட ‘ஹூவா’தான். 2025-இல் ஒரு ரெயால் ஏறக்குறைய 14 முதல் 17 ரூபாய்க்குள் ஆடியது. மனக்கணக்குக்கு 15-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் வாரத்து மதிப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது தவணைப் பொறி. பிரேசிலில் செருப்புகூடத் தவணையில் விற்கும். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய எழுத்தில் 29,90 என்று இருக்கும். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘10’ என்று ஓர் எண்ணும் பெருக்கல் குறியும். அது பத்துத் தவணையில் ஒரு தவணை. முழு விலை 299 ரெயால். மொத்த விலையும் சீட்டில் எங்காவது இருக்கும், இருந்தாக வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். ‘சேங் ஜூருஸ்’ என்றால் வட்டியில்லை. வெளிநாட்டு வங்கிக் கார்டுக்குப் பொதுவாகத் தவணை கிடைக்காது. ஆகவே உங்களுக்கு வேண்டிய சொல் ‘ஆ விஸ்தா’, அதாவது ஒரே தடவையில் கட்டும் விலை. பேரம் தொடங்குவதும் இந்தச் சொல்லில்தான்.

பல்பொருள் அங்காடியில் ஒரே அட்டையில் இரண்டு விலை இருந்தால் குறைந்தது உறுப்பினருக்கானது. உறுப்பினராக சேபெஎஃபி என்ற வரி அடையாள எண் வேண்டும். பயணிக்கு அது இருக்காது. கூடுதல் விலையையே உங்கள் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அத்தக்கதாவ், அசாயி போன்ற மொத்த-சில்லறைக் கடைகளில் அட்டையின் இரண்டு விலைகளுக்குப் பொருள் வேறு: ஒன்று ஒற்றைப் பொருளுக்கு, மற்றது அட்டையில் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் எடுத்தால். மூன்று பொட்டலத்துக்கு மேல் விலை இறங்கும் காப்பித்தூளை இரண்டு எடுத்துக்கொண்டு வருவது வீண்.

கடைசியாக, எடை. கொட்டை வகை, உலர்பழம், பாலாடைக்கட்டி, விலைகூடிய பழம் ஆகியவற்றின் விலையைக் கிலோவுக்குச் சொல்லாமல் 100 கிராமுக்கு எழுதும் பழக்கம் உண்டு. இதன் விளைவைச் சந்தைப் பகுதியில் பார்ப்போம்.

பணம்: எதைக் கொண்டுபோவது

ஊரே பிக்ஸில் ஓடுகிறது. மத்திய வங்கி 2020 நவம்பரில் கொண்டுவந்த உடனடிப் பணப்பரிமாற்றம் அது. நம் யுபிஐ போலவே படக்குறியீட்டை வருடிக் கட்டுவது. கரும்புச்சாறு வண்டியிலும் அதன் அட்டை தொங்கும். ஆனால் அதற்கு பிரேசில் வங்கிக் கணக்கு வேண்டும். ‘பிக்ஸ் என்றால் 5 சதவீதம் தள்ளுபடி’ என்ற பலகையைப் பார்த்தால் பெருமூச்சு விடாதீர்கள். ரொக்கத்துக்கும் அதே விலை தருவீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், ஏனென்றால் கார்டு நிறுவனத்துக்குப் போகும் கமிஷன் இரண்டிலும் மிச்சம்.

யுபிஐ, ரூபே இரண்டையும் நம்பிப் போக வேண்டாம். விசா அல்லது மாஸ்டர்கார்டு இரண்டு, வெவ்வேறு வங்கிகளுடையதாக, எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும்; இந்தியக் கார்டுகளில் அது மூடியே வரும். கடை இயந்திரம், ஏடிஎம், தொடாமல் கட்டுவது என மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். ஒன்றை மறந்தாலும் கல்லா முன்னால் நின்று விழிக்க நேரும்.

ரூபாய் நோட்டை அங்கே மாற்ற முடியும் என்று எண்ண வேண்டாம். டாலரோ யூரோவோ கொண்டுபோய், கடவுச்சீட்டைக் காட்டி, நாணயமாற்றுக் கடையில் மாற்ற வேண்டும். பலகையில் போட்டிருக்கும் விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வரியும் கட்டணமும் போக ஒரு டாலருக்கு மொத்தத்தில் எவ்வளவு கையில் வரும் என்று கேளுங்கள். அதற்கு ‘வெட்டி’ என்று பெயர், அதைச் சொல்வது அவர்கள் கடமை. ஏடிஎம் என்றால் வங்கிக்குள் அல்லது அங்காடிக்குள் இருப்பதையே தேடுங்கள், அதுவும் பகலில். இரவில் எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு குறைந்துவிடும். இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி ரெயாலிலேயே முடியுங்கள். ரூபாயில் காட்டுவது வசதியாகத் தெரியும். ஆனால் அந்த விகிதம் உங்கள் வங்கி தருவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

நோட்டுகள் 2, 5, 10, 20, 50, 100, 200. பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு: இரண்டில் ஆமை, ஐந்தில் கொக்கு, பத்தில் பஞ்சவர்ணக்கிளி, இருபதில் பொன்னிறக் குரங்கு, ஐம்பதில் ஜாகுவார், நூறில் மீன், இருநூறில் பிடரி ஓநாய். ஓநாய் நோட்டு 2020-இல்தான் வந்தது. சிறு கடைக்காரர் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார், மீதிச் சில்லறைக்கு அவர் எங்கே போவார்? நூறையும் இருநூறையும் பெரிய அங்காடியில் உடைத்துவிட்டு, சந்தைக்கு ஐந்தும் பத்தும் இருபதுமாகப் போங்கள். 9,99 என்று விலை போட்டிருந்தாலும் ஒரு சென்டாவோ மீதி வராது. அந்த நாணயத்தை அடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

கல்லாவில் கேட்கும் கேள்விகள்

மொழி தெரியாவிட்டாலும் பயமில்லை. கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் இதே வரிசையில்தான் வரும்.

1. துணிக்கடை, செருப்புக்கடையில் ‘கேங் சி அத்தெந்தேவ்?’ என்பார்கள்: உங்களைக் கவனித்துக்கொண்டவர் யார்? விற்பனையாளருக்குக் கமிஷன் உண்டு; பெயரைச் சொன்னால் அவர் கணக்கில் ஏறும். அதனால்தான் அவர் ஆரம்பத்திலேயே தன் பெயரைச் சொல்லியிருப்பார்.
2. ‘சேபெஎஃபி நா நோத்தா?’ ரசீதில் வரி எண் போடவா? ‘நாவ்ங்’ என்று மூக்கால் ஒரு ‘இல்லை’ போதும். ரசீது அது இல்லாமலும் வரும்.
3. ‘டெபிட்டு ஓ க்ரேஜிட்டு?’ உங்களுடையது டெபிட் கார்டாகவே இருந்தாலும் முதலில் ‘க்ரேஜிட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டுக் கார்டு அந்த வழியில் எளிதாகக் கடக்கும். மறுத்தால் மற்றதைச் சொல்லுங்கள்.
4. ‘ஆ விஸ்தா ஓ பார்செலாது?’ மொத்தமாகவா, தவணையா? ‘ஆ விஸ்தா.’
5. ‘கேர் அ சுவா வியா?’ உங்கள் பிரதி வேண்டுமா? ‘சிங்’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்டை இயந்திரத்தில் நீங்களே சொருகுங்கள், நீங்களே தொடுங்கள். திரை உடைந்த இயந்திரம், திரையைக் கையால் மறைத்து நீட்டும் ஆள், ‘இது வேலை செய்யவில்லை, கார்டைக் கொடுங்கள்’ என்று வாங்கிப்போய் வேறொன்றைத் திருப்பித் தருவது: இந்த மூன்றும் தெரு வியாபாரத்தில் நடக்கும் பழைய தந்திரங்கள். தொகையில் காற்புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் இரகசிய எண்ணை அழுத்தாதீர்கள். 45,00 என்பதை 450,00 ஆக்க ஒரு சுழியம் போதும். கட்டியதும் கார்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஆறுக்கு ‘செய்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘மேயா’ என்பார்கள். அரை டஜன் என்பதன் சுருக்கம். கடை எண், தொலைபேசி எண் கேட்கும்போது இது தெரியாவிட்டால் ஓர் இலக்கம் காணாமல் போகும். காலுறைக்கும் அதே சொல்தான்.

வரிசையில் ‘ப்ரெஃபெரென்சியாவ்’ என்று பலகை இருந்தால் அது 60 வயது நிறைந்தவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு. உரிமை உள்ளவர் கூச்சப்படாமல் அங்கே நிற்கலாம், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். உங்களோடு அம்மா அப்பா வந்திருந்தால் மறக்காதீர்கள்.

எந்தப் பொருளுக்கு எந்தத் தெரு

சாவோ பாவ்லோவின் பழைய நடுப்பகுதி, தொழில்வாரியாகத் தெரு பிரிந்த ஊர். ஒரு சாமானுக்கு ஒரு தெரு. இதைப் பிடித்துக்கொண்டால் அலைச்சல் பாதி குறையும்.

விந்தி-சிங்கு ஜி மார்சு தெருதான் எல்லாவற்றுக்கும் தாய். 1824 மார்ச் 25-இல் வந்த முதல் அரசியலமைப்பின் நினைவாக வைத்த பெயர். சிரியா, லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள் வளர்த்த வியாபாரம். இன்று பொம்மை, கவரிங் நகை, பாத்திரம், பையிலிருந்து திருவிழா வேடத்துணி வரை எல்லாம் உண்டு. மெட்ரோவின் நீலத் தடத்தில் சாவோ பெந்து நிலையத்தில் இறங்கி, லதேய்ரா போர்த்து ஜெராவ் பக்கம் போகும் வாசலைப் பிடியுங்கள். அந்த இறக்கத்திலேயே கவரிங் நகைக்கடைகள் தொடங்கிவிடும். காலை 8 மணியிலிருந்து 10 வரை நடக்க இடமிருக்கும். 11-க்கு மேல் கூட்டம் உங்களைத் தானாகவே நகர்த்தும். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு கதவுகள் மூடத் தொடங்கும், ஞாயிறு பெரும்பாலும் விடுமுறை. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அங்கே போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இங்கேதான் ‘அத்தக்காது’, ‘வரேஜு’ என்ற இரண்டு சொற்களும் வேலைக்கு வரும்: மொத்தம், சில்லறை. மொத்த விலைக்கு எத்தனை எடுக்க வேண்டும் என்பது கடைக்குக் கடை மாறும். மூன்று, ஆறு, பன்னிரண்டு, சில இடத்தில் எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு தொகை. ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேருக்குச் சிறு பரிசு கொடுக்க வேண்டியவர்கள் ஒரே கடையில் எல்லாவற்றையும் எடுத்தால் மொத்த விலைக்குள் வந்துவிடுவார்கள்.

துணிக்கு ப்ராஸ், போங் ஹெத்தீரு என்று இரண்டு பகுதிகள். ப்ராஸ் மலிவு, கூட்டம், மொத்த வியாபாரம். வெளியூர் வணிகர்கள் விடியலுக்கு முன்பே வந்து வாங்கிப் போகும் சந்தை அங்கே உண்டு. ஓரியேந்தி தெருவைச் சுற்றியே பெரும்பாலான கடைகள். போட்டுப் பார்க்கும் அறை பல இடங்களில் கிடையாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். அளவில் சந்தேகம் இருந்தால் அங்கே வாங்காதீர்கள். போங் ஹெத்தீருவின் ஜோசே பாவ்லீனு தெரு ஒரு படி மேல்: பெண்கள் உடை, தையல் நன்றாக இருக்கும். முன்பு யூதர்கள் கையிலிருந்த தெரு, இப்போது கொரியர்கள் கையில். கல்யாண உடைக்குப் பக்கத்திலேயே சாவோ கயேத்தானு தெரு. ஊரார் அதை மணப்பெண் தெரு என்றே சொல்வார்கள்.

சமையலறைச் சாமானுக்கு பாவ்லா சோசா தெரு, கைக்கருவிக்கு ஃப்ளொரேன்சியு ஜி அப்ரேவ், இசைக்கருவிக்கு பின்யேய்ருஸ் பகுதியின் தேயோதோரு சம்பாயு. கஞ்சிரா போல ஜால்ரா கோத்த ‘பந்தேய்ரு’ வாங்க நினைப்பவர் நினைவுப்பொருள் கடையை விட்டு அங்கே போகட்டும். பொம்மை எது, வாசிப்பதற்கானது எது என்று தட்டிக் காட்டித் தருவார்கள்.

வார இறுதிச் சந்தைகளின் சுவை வேறு. சனிக்கிழமை பெனெஜிட்டு கலிஷ்து சதுக்கத்தில் பழம்பொருள். சனி, ஞாயிறு லிபெர்தாஜியில் ஜப்பானியர் சந்தை, மெட்ரோ வாசலிலேயே. ஞாயிறன்று பாவ்லிஸ்தா நிழற்சாலையில் கார்களை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்துவிடுவார்கள், ஓரமெங்கும் கைவினைஞர்கள் விரிப்பு போட்டிருப்பார்கள். அங்கே அன்று ‘மஸ்ப்’ கலைக்கூடத்துக்கு அடியிலும் பழம்பொருள் கடைகள் இருக்கும். இந்த இடங்களில் பேரம் உண்டு, ஆனால் மென்மையாக. பாதி விலையில் தொடங்கினால் முகம் வாடிவிடும். ‘ஆ விஸ்தா’ எவ்வளவு, இரண்டு எடுத்தால் எவ்வளவு என்று கேட்பதுதான் அந்த ஊர்ப் பேரம். பத்து சதவீதம் இறங்கினால் நல்ல முடிவு.

‘ஷோப்பிங்’ என்றால் அங்கே பேரங்காடி. திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 10; ஞாயிறன்று கடைகள் மதியம் 2-லிருந்து 8 வரை. பேரமில்லை, பயமுமில்லை, விலை கூடுதல். மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம்.

சந்தையில் பழம் வாங்குவது

ஒவ்வொரு பேட்டையிலும் வாரத்தில் ஒரு நாள் ஒரு தெருவை அடைத்துச் சந்தை போடுவார்கள். பெயர் ‘ஃபேய்ரா லிவ்ரி’. செவ்வாய் முதல் ஞாயிறு வரை எங்காவது ஒன்று இருக்கும், திங்களன்று இராது. விடுதியில் ‘இந்தப் பக்கம் ஃபேய்ரா என்றைக்கு?’ என்று கேட்டால் தெரு பெயரோடு சொல்வார்கள். காலையில் சரக்கு நன்றாக இருக்கும். மதியம் 12-க்கு மேல் ‘ஷேப்பா’ தொடங்கும்: மிச்சத்தை மூட்டை கட்டாமல் தள்ளிவிடும் நேரம். அப்போது ஒரு கிண்ணம் தக்காளி பாதி விலைக்கு வரும், அடிபட்டதும் அதில் கலந்து வரும். வாழைப்பழத்தைச் சந்தையில் டஜன் கணக்கிலும் அங்காடியில் கிலோ கணக்கிலும் விற்பார்கள், இரண்டையும் ஒப்பிடும்போது கவனம். சந்தையின் ஓரத்தில் பஸ்தேவ் என்ற பொரித்த பலகாரமும் கரும்புச்சாறும் தவறாமல் இருக்கும்.

பழப்பெயர்கள் தமிழ் காதுக்கு அதிகம் அந்நியமில்லை. மாம்பழம் ‘மங்கா’, பலா ‘ஜாக்கா’. இரண்டும் போர்த்துக்கீசியர் நம் மேற்குக் கடற்கரையில் கேட்டு எடுத்துப்போன சொற்கள். முந்திரி ‘கஜூ’, அது அந்த மண்ணின் தூப்பி மொழிச் சொல், இலங்கைத் தமிழில் இன்றும் கஜுதான். நம் அன்னாசியும் அந்த மண்ணிலிருந்தே வந்த பெயர். ஆனால் பிரேசிலில் ‘அபகஷி’ என்று கேட்டால்தான் தருவார்கள். துணிக்கடையில் யாராவது ‘மங்கா’ என்றால் குழம்ப வேண்டாம், சட்டைக்கையும் அதே சொல்தான். ‘மங்கா குர்த்தா’ என்றால் அரைக்கை. சப்பாத்து, பாண், பொத்தான், துவாலை, சாவி ஆகியவற்றைக் கடையில் அப்படியே சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பு கொஞ்சம் கோணினாலும் ஆள் சரியான அலமாரியைக் காட்டுவார்.

இனி நகராட்சிச் சந்தை. 1933-இல் திறந்த பெரிய கட்டடம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். விந்தி-சிங்குவிலிருந்து பத்து நிமிட நடை. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்குள்ள சில பழக்கடைகளில் பயணிகளை மடக்கும் ஒரு முறை ஊர் முழுக்கத் தெரிந்தது. கத்தியோடு நிற்பவர் ஒரு துண்டை நீட்டுவார், பிறகு இன்னொன்று, பிறகு பேரீச்சையில் சொருகிய ஸ்ட்ராபெரி. தின்று முடிப்பதற்குள் பையில் நான்கு பழம் விழுந்திருக்கும். விலை 100 கிராம் கணக்கு. சீட்டில் 14,90 என்றிருந்தால் கிலோ 149 ரெயால். 400 கிராம் டிராகன் பழம் ஒன்றே ஏறக்குறைய 60. நான்கு வகை சேர்ந்தால் பை சில நூறைத் தாண்டும்.

தப்பும் வழி இது. சுவைக்கும் முன்பே ‘குவாந்து எ?’ என்று கேளுங்கள். அடுத்த கேள்வி: ‘ஓ கீலு ஓ சேங் க்ராமஸ்?’ கிலோவுக்கா, நூறு கிராமுக்கா? ‘ஒன்றே ஒன்று’ என்று விரலைக் காட்டி, பையில் போடும் முன் தராசைப் பாருங்கள். மொத்தத்தைக் கேட்டு அதிகம் என்று தோன்றினால் பையை வைத்துவிட்டு நடக்கலாம். சுவைத்ததற்காக வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அறுத்துவிட்டேனே என்பது அவர் பாடு. அதே பழம் தெருச் சந்தையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்.

அளவு

சட்டை அளவு பி, எம், ஜி, ஜிஜி. இதில் ஜி என்றால் பெரியது, பி என்றால் சிறியது. ஆண்கள் கால்சட்டைக்கு 38, 40, 42 என்று இரட்டை எண். இடுப்பு 32 அங்குலம் உள்ளவர் 40, 42 இரண்டையும் போட்டுப் பார்க்கட்டும். பெண்கள் உடை உடம்போடு ஒட்டி வரும் தையல், ஓர் அளவு கூட்டி எடுத்தால் நிம்மதி. செருப்பில் பிரேசில் எண் ஐரோப்பிய எண்ணைவிட இரண்டு குறைவு: ஐரோப்பிய 42 அங்கே 40. நம் ஊரில் 8-ஆம் எண் போடுபவருக்கு 40-லிருந்து பார்க்கலாம்.

1962-இலிருந்து வரும் ஹவாயானாஸ் ரப்பர் செருப்பில் 39/40, 41/42 என்று எண் இரட்டையாக இருக்கும். இதை விமான நிலையத்தில் வாங்காதீர்கள். சாதாரண ரகம் பல்பொருள் அங்காடியிலேயே தொங்கும், அங்கேதான் ஊரார் வாங்குகிறார்கள். வண்ணமும் வகையும் நிறைய வேண்டுமென்றால் மட்டும் ஆஸ்கார் ஃப்ரேய்ரி தெருவிலுள்ள அதன் பெரிய கடை.

மின்பொருள் வேண்டாம்

வரி காரணமாக கைப்பேசி, கேமரா, கணினி எல்லாம் பிரேசிலில் விலை அதிகம். சாந்தா இஃபிஜேனியா தெரு அதற்குப் பேர்போனது என்றாலும் பயணிக்கு அங்கே அவசரத் தேவைக்கு ஒரு சார்ஜர், கம்பி தவிர வேலையில்லை.

வீட்டுச் சாமான் என்றால் இன்னொரு சிக்கல். சாவோ பாவ்லோவில் மின்சாரம் 127 வோல்ட். அங்கே வாங்கிய 127 வோல்ட் மிக்சியை நம் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு நொடியில் புகைதான். பெட்டியில் ‘பிவோல்ட்’ என்று இருந்தால் மட்டுமே இரண்டிலும் ஓடும். ‘220’ என்று மட்டும் இருந்தால் நம் ஊரில் ஓடும், ஆனால் அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. மோட்டார் வேகம் குறையும். பிளக்கும் வேறு: மூன்று உருண்டை முனை, 10 ஆம்பியருக்கு 4 மில்லிமீட்டர் தடிமன், 20 ஆம்பியருக்கு 4.8. நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு முனை ஐரோப்பிய சார்ஜர் நுழையும். ஆகவே இங்கிருந்து போகும்போது அப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிம் கார்டுக்கு அங்காடியில் தொங்கும் பொட்டலத்தை வாங்கிவிட்டு, வரி எண் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். விவோ, கிளாரோ, டிம் நிறுவனங்களின் சொந்தக் கடைக்கே கடவுச்சீட்டோடு போய், அங்கேயே இணைப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இணையக் கடைகளும் அதே எண்ணைக் கேட்கும். குறுகிய பயணத்தில் அந்தப் பக்கம் போகாமலிருப்பது மேல்.

பெட்டியில் இடம் கொடுக்கத் தகுந்தவை

காப்பி முதலில். ‘எஸ்த்ரா ஃபோர்த்தி’ என்றால் தரம் கூடியது என்று நினைத்து வாங்குகிறார்கள். அது கருக வறுத்தது, அவ்வளவுதான். ‘100% அராபிக்கா’, ‘எஸ்பெசியாவ்’ என்ற சொற்களையும், முடிந்தால் வறுத்த தேதியையும் தேடுங்கள். வீட்டில் அரைக்க முடிந்தால் ‘எங் க்ராவ்ங்ஸ்’, அதாவது கொட்டையாக வாங்குவது நல்லது. தூள் என்றால் செங்கல் போல இறுகிய, காற்று உறிஞ்சிய பொட்டலம். தலையணை போல உப்பியது சீக்கிரம் மணம் இழக்கும். வறுக்காத பச்சைக் கொட்டை, விதை, செடி, பழம் எதையும் கொண்டுவராதீர்கள், இங்கே விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

கஷாசா கரும்புச்சாற்றில் வடித்த மது, 38 முதல் 48 சதவீதம். நிறமில்லாதது கலந்து குடிக்க, மரப்பீப்பாயில் கிடந்து பழுப்பேறியது அப்படியே குடிக்க. இந்தியாவுக்குள் வரியின்றிக் கொண்டுவர ஒருவருக்கு 2 லிட்டர்தான். 700 மில்லி பாட்டில் மூன்று என்றால் 100 மில்லி அதிகம். இரண்டோடு நிறுத்துங்கள், துணியில் சுற்றிச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

பிரேசில் கொட்டையை ‘கஸ்தான்யா தோ பரா’ என்று கேளுங்கள். கடித்துப் பார்த்து வாங்குங்கள், காறல் அடித்தால் பழையது. கொய்யாப்பழப் பாகு ‘கொயபாதா’ பெட்டியில் அடங்கும், கெடாது. ‘பே ஜி முலேக்கி’ நம் கடலைமிட்டாய். ‘ஹப்பதூரா’ கரும்பு வெல்லக்கட்டி. இரண்டையும் தூக்கிவர அவசியமில்லை, அங்கேயே தின்றுவிட்டு வரலாம்.

ஹெப்பூப்ளிக்கா சதுக்கத்து வாரச் சந்தையில் கற்கள் விற்பார்கள். கண்ணைப் பறிக்கும் நீலம், ரோஜா நிற அகேட் தகடுகள் சாயம் ஏற்றியவை. அழகுக்கு வாங்கலாம், அரிய கல் என்று எண்ணிப் பணம் கொடுக்க வேண்டாம். உண்மையான விலைக்கல் என்றால் ரசீதும் சான்றும் தரும் கடையில் மட்டும். பறவை இறகு கோத்த பழங்குடி அணிகளையும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு பதித்த தட்டுகளையும் தொடாதீர்கள். காட்டுயிர்ச் சட்டப்படி எல்லையில் பறிமுதல் ஆகலாம், வழக்கும் வரலாம்.

மாற்றிக்கொள்வது, புகார் சொல்வது

1990-இன் நுகர்வோர் சட்டம் வலுவானது, ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். மனம் மாறினால் 7 நாளில் திருப்பித் தரும் உரிமை கடைக்கு வெளியே, அதாவது இணையம், தொலைபேசி வழியாக வாங்கியதற்கு மட்டும். கடைக்குள் போய் வாங்கிய சட்டை அளவு சேரவில்லை என்றால் மாற்றித் தருவது கடையின் விருப்பம். பெரும்பாலான கடைகள் செய்கின்றன. அதற்குத் துணியில் தொங்கும் சீட்டைக் கிழிக்காமலிருக்க வேண்டும். ‘போஜி த்ரொக்கார்?’ என்று வாங்கும்போதே கேட்டு, எத்தனை நாள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பழுது என்றால் கதை வேறு: நீடித்து உழைக்கும் பொருளுக்கு 90 நாள், தீர்ந்துபோகும் பொருளுக்கு 30 நாள் வரை புகார் சொல்லலாம். ஆனால் சரிசெய்யக் கடைக்கு 30 நாள் அவகாசம் உண்டு. நான்கு நாளில் விமானம் ஏறுபவருக்கு அதனால் பயனில்லை. பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுவதே வழி. சண்டை முற்றினால் ‘ப்ரொக்கோங்’ என்ற நுகர்வோர் காப்பு அலுவலகத்தின் பெயரைச் சொல்லுங்கள். பல நேரம் பெயரே வேலையை முடித்துவிடும்.

வரி திரும்பப் பெறலாம் என்று எண்ணி சாவோ பாவ்லோவில் எதையும் வாங்காதீர்கள். ஐரோப்பா போல விமான நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கும் பழக்கம் அங்கில்லை.

கைப்பேசி

நடைபாதையில் நின்று வரைபடம் பார்ப்பதுதான் அந்த ஊரில் மிகவும் விலையேறிய பழக்கம். மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து கையிலிருந்து பறித்துப் போவது பாவ்லிஸ்தா போன்ற நல்ல சாலையிலும் நடக்கும். வழி பார்க்க வேண்டுமானால் ஒரு மருந்துக்கடைக்குள் நுழையுங்கள், சுவரோரம் நின்று பாருங்கள், பையில் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். கூட்டத் தெருவில் முதுகுப்பை மார்புப் பக்கம். அன்றைய செலவுக்கான நோட்டு ஒரு பையில், ஒரு கார்டு இன்னொரு பையில்; இரண்டாவது கார்டும் கடவுச்சீட்டும் விடுதிப் பெட்டகத்தில். நாணயம் மாற்றவும் சிம் வாங்கவும் போகும் நாளில் மட்டும் கடவுச்சீட்டை எடுங்கள், அந்த இரண்டு வேலையையும் ஒரே காலையில் முடித்துக்கொண்டு திரும்பி வைத்துவிடுங்கள்.